மானுடப் பிறவி: உடைமையோ, ஒற்றியோ?

எண்ணிறந்த பிறவிகளுள் மானுடப் பிறவியே பெறுதற்கரியது என்பது சைவ நூல்கள் அனைத்தும் ஒருமுகமாகக் கூறும் துணிபு. மேலை நாட்டிலே, இத்தாலி தேயத்தில், கி.பி. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் தோன்றிய புலவர் கூட்டத்தாரும் மனிதனது மேன்மையைப் பெரிதும் விதந்து பேசினர். அவர் கொண்டதனை மானுடக் கொள்கை என்றும், அது தழைத்த காலத்தை மறுமலர்ச்சிக் காலம் என்றும் இக்காலத்தார் வழங்குவர். நம் நாட்டு இளைஞர் கல்விச்சாலைகளிற் பயிலும் வரலாறு, ஓவியம், அரசியல் என்னும் எல்லாவற்றுள்ளும் அக்கொள்கையின் சாயல் ஊடுருவி நிற்றலின், சைவ நன்மக்கள் அதனை அறியாதிருத்தல் இயலாது. அறிந்தவழி, அதனை முழுவதும் கொள்வதோ, முழுவதும் தள்ளுவதோ, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவதோ என்பது ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குத் தக்க நிலைக்களம் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. சென்னையின் வடபாற் கடற்கரைக்கண் விளங்கும் திருவொற்றியூரே அமையும். என்னை? கலிய நாயனார் பிறந்து திருவிளக்குத் தொண்டு புரிந்ததும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாரை மணந்து சூளுரைத்ததும், பட்டினத்தடிகள் அடங்கியதும் அவ்வூரே. அதன் தென்பால் இராயபுரமும் வடபால் எண்ணூருமாக நீண்டு கிடக்கும் துறைமுகத் தொழில்நிலமோ, மனித முயற்சி எத்துணை செய்யவல்லது என்பதற்கும், அம்முயற்சி தன்னையே அளவாகக் கொண்டுழி எங்ஙனம் முடியும் என்பதற்கும் ஒருங்கே சான்றாக நிற்பது. மனிதனுக்கு மேன்மை உண்டு என்பதில் இருதிறத்தாரும் உடன்படுவர். அம்மேன்மை அவன் தானே ஈட்டிக்கொண்ட உடைமையோ, பிறிதொருவரால் அவன்பால் வைக்கப்பட்டதோ என்பதே வினா.

பிறர் கொள்கையை மறுக்கப் புகுவார் முதற்கண் அதனை அக்கொள்கையினரே ஒப்புமாறு எடுத்துரைத்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிற் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்த முறை இதுவேயாம். அம்முறையானே நோக்குமிடத்து, முதலில் ஓர் ஐயம் களையப்படல் வேண்டும். இந்நாளிற் கடவுளை மறுத்து மனிதனையே போற்றுவாரும் மானுடக் கொள்கையினர் என்னும் பெயரை மேற்கொள்கின்றனர். பழைய இத்தாலியப் புலவரோ அன்னவரல்லர். தம் கிறித்தவ சமயத்தை விடாதவர். அவரை நாத்திகர் என்று தள்ளிவிடுதல் ஆராய்ச்சியாகாது.

அவருள் முன்னவர் பெத்திரார்க்கா (1304–1374). இவர் பழைய இலத்தீன் ஏடுகளைத் தேடி ஊர்தோறும் அலைந்து, 1345ஆம் ஆண்டில் வெரோனா நகரத்துத் தேவாலய நூல்நிலையத்தில் சிசரோ என்னும் பழம்பெரும் நாவலர் தம் நண்பர்க்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். இவர் வழிவந்தோர் இலக்கணம், சொல்வன்மை, செய்யுள், வரலாறு, ஒழுக்கநூல் என்னும் ஐந்தனையும் மனிதனைப் பண்படுத்தும் கல்வியெனக் கொண்டனர். இவர்க்கு முன், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னர் மூன்றாம் இன்னசென்ட் எனப் போப்பாண்டவராகிய ஒருவர் மனித வாழ்வின் இழிவையே விரித்து ஒரு நூல் செய்திருந்தார். அதற்கு மறுமொழியாக, 1452ஆம் ஆண்டையொட்டி, மனெத்தி என்னும் புளோரன்சு நகரத்துப் புலவர் மனிதனது உடலமைப்பும் அறிவும் தொழிலும் சிறப்புடையன என்று நிறுவும் நூலொன்றை இயற்றினார்.

இக்கொள்கையை உச்சநிலைக்கு உயர்த்தியவர் பிக்கோ தெல்லா மிராந்தோலா (1463–1494). இவர் 1486ஆம் ஆண்டில், தமது இருபத்துமூன்றாம் வயதில், பல சமயத்து நூல்களினின்றும் திரட்டிய 900 துணிபுகளை வெளியிட்டு, உரோமாபுரியில் அவற்றைப் பற்றி வாதம் புரியுமாறு அறிஞரை அறைகூவினார். போப்பாண்டவர் அவ்வாதத்தைத் தடுத்தனர். அவ்வாதத்திற்கு முன்னுரையாக அவர் எழுதிவைத்த உரையே மானுட மேன்மை பற்றிய பேருரை எனப் புகழ்பெற்றது. அதன் கருத்தின் சுருக்கம் வருமாறு: படைத்தோன் ஏனைப் பொருள்கட்கெல்லாம் ஒவ்வோர் இயல்பை வரையறுத்து வைத்தான், மனிதனுக்கு மட்டும் வரையறுத்ததோர் இயல்பை வைத்திலன், அவனை உலகின் நடுவே நிறுத்தி, வேண்டியவாறு தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் உரிமையை அளித்தான், ஆகலின் அவன் புல்லும் விலங்குமாகத் தாழவும் வல்லன், தேவரோடொப்ப உயரவும் வல்லன். இதுபற்றியே அவர் மனிதனைப் பச்சோந்திக்கு ஒப்பிட்டு வியந்தார்.

இனி, இவற்றுள் சைவர் உடன்படற்பாலன யாவை எனின், அவை மூன்று.

முதலாவது, பழைய நூல்களைத் தேடிப் பிழைநீக்கிப் போற்றுதல். ஏடு தேடி அலைந்த பெத்திரார்க்காவைப் பற்றி அறியுந்தோறும் தமிழர்க்குத் தம்மவரே நினைவுக்கு வருவர். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) என்போர் செய்ததும் அதுவேயன்றோ? திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட சாமிநாதையர், 1887ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணி என்னும் சமண காவியத்தைப் பதிப்பித்து வெளியிட்டமை, சைவ மடத்துக் கல்வி பிறர் நூலையும் வெறாதது என்பதற்குச் சான்றாம். 1440ஆம் ஆண்டில் வல்லா என்னும் இத்தாலியப் புலவர், போப்பாண்டவரின் அரசுரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டு வந்த கொடைப் பத்திரம் ஒன்றைச் சொல்லாராய்ச்சியால் போலிப் பத்திரம் என்று நிறுவினார். சொல்லின் உண்மையை நாடுதல் பத்திக்கு மாறாகாது. பொய்யை மெய்யெனப் போற்றுதலே மாறாவது. தலபுராணங்களையும் சாசனங்களையும் ஆராயும் சைவர் இதனை அஞ்சவேண்டா.

இரண்டாவது, உடம்பை இகழாமை. உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே உறுபொருள் இருத்தலைக் கண்டு, அதனைப் பேணுவாராயினர் திருமூலர். அஃதேல், திருவொற்றியூர்க் கடற்கரையிற் கோயில்கொண்டிருக்கும் பட்டினத்தடிகள் உடம்பின் இழிவைப் பலபடப் பாடியது என்னையெனின், அடிகள் இகழ்ந்தது உடம்பாகிய கருவியையன்று; அக்கருவியையே தானென்று கொண்ட மயக்கத்தையாம். தச்சன் தன் உளியைத் தானென்று எண்ணான்; எண்ணானாயினும் அதனைத் துருவேற விடான். உளியின்பால் அவனுக்குள்ள இவ்விரண்டும் உடம்பின்பால் அடியார்க்கும் உள என்க. ஆதலின் மனிதவுடலை அறுத்தாராய்ந்து ஒவ்வொரு நரம்பையும் வரைந்து வைத்த லியோனார்தோ தா வின்சி (1452–1519) போன்றாரது உழைப்பைச் சைவம் வெறுத்தற்குக் காரணம் இல்லை.

மூன்றாவது, இவ்விரண்டினும் ஆழமுடையது. மனிதனுக்கு வரையறுத்த இயல்பில்லை. அவன் எதனைச் சார்கின்றானோ அதுவாகின்றான் என்று பிக்கோ கண்டது, சார்ந்ததன் வண்ணமாதல் என்று சித்தாந்தம் கூறும் உயிரியல்பை மிகவும் அணித்தாகத் தொட்டு நிற்கின்றது. உயிர் சத்துமன்று, அசத்துமன்று. சத்தைச் சார்ந்து சத்தாயும் அசத்தைச் சார்ந்து அசத்தாயும் நிற்கும் சதசத்து என்பது மெய்கண்டார் மரபு. சைவாசிரியரை அறியாத ஒருவர், கடல்கடந்த நாட்டிலே, வேறு சமயத்திலே பிறந்து, உயிர்நிலையை இத்துணை நுணுகிக் கண்டமை வியப்புக்குரியது. சிவபெருமான் எந்நாட்டவர்க்கும் பொதுவாய் உள்நின்று உணர்த்துவோன் என்பது உண்மையாயின், இதில் வியப்பும் இல்லையெனலாம்.

அணித்தாகத் தொட்டு நின்றதேயன்றி, ஒன்றாகவில்லை. வேற்றுமை எங்கே தொடங்குகின்றது எனின், உவமையிலேயே தொடங்குகின்றது. பிக்கோ கூறிய உவமை பச்சோந்தி; சித்தாந்தம் கூறும் உவமை படிகம். பச்சோந்தி நிறம் மாறுவது தன் தோலினுள் அமைந்த ஆற்றலால். படிகமோ தனக்கென ஒரு நிறத்தையும் தோற்றுவிக்க மாட்டாது. செம்மலரின் அருகே செம்மையும் நீலமலரின் அருகே நீலமும் பெற்று விளங்கும். அவ்விரு நிறத்தையும் காட்டுதற்கும் கதிரவன் ஒளி வேண்டும்; இருளில் வைத்த படிகம் எம்மலரின் அருகே இருப்பினும் எந்நிறமும் பெறாது. அதுபோல, உயிரின் அறிவும் இச்சையும் செயலும் ஆணவமலத்தாற் கேவல நிலையில் முற்றும் மறைப்புண்டு கிடந்தன; மாயையினின்றும் தோன்றிய கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்களால் அவை சிறிது விளக்கமுற்றன; அவ்விளக்கத்திற்கும் இறைவனது காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் வேண்டப்பட்டன. ஆகவே, மனிதன் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கின்றான் என்னுமிடத்து, ஆக்கும் அவ்வாற்றலை அவனுக்கு ஆக்கியவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. படைத்தோன் தொடக்கத்தில் அளித்தான் என்பர் அவர். தொடக்கத்தில் மட்டுமன்று, காணும் ஒவ்வொரு கணத்தும் அளிக்கின்றான் என்பது சித்தாந்தம்.

அற்றேல், உயிர்க்குச் சுதந்தரம் சிறிதும் இல்லையோ, அது வெறும் மரப்பாவையோ எனின், அற்றன்று. இவ்வினா மேலை நாட்டினும் எழுந்தது. 1524ஆம் ஆண்டில் எராஸ்மஸ் என்னும் மானுடக் கொள்கைப் பேரறிஞர் மனிதனது விருப்பத்திற்கு உரிமை உண்டு என்று நூல் செய்தார். 1525ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் அவ்விருப்பம் அடிமைப்பட்டதே என்று மறுநூல் செய்தார். எராஸ்மஸ் தம் நூலில் ஒரு தந்தையையும் குழந்தையையும் எடுத்துக்காட்டுவர்: விழுந்த குழந்தையைத் தந்தை தூக்கி நிறுத்தித் தூரத்தே ஒரு பழத்தைக் காட்டுகின்றான்; குழந்தை ஓட முயல்கின்றது; தந்தை கைகொடுத்து நடத்திச் சென்று அப்பழத்தைக் கொடுக்கின்றான். குழந்தையின் முயற்சி பொய்யன்று. ஆயினும் பழத்தைத் தானே பெற்றேன் என்று அது தருக்குதற்கும் இடமில்லை. சைவர் இவ்வழக்கிற் சான்றுகூற அழைக்கப்படின், எராஸ்மஸின் பக்கமே பெரும்பாலும் நிற்பர். ஒரே கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கின்றது, ஒன்று மலரும் பருவத்தை எய்துகின்றது, ஒன்று வாடுகின்றது. பருவம் மலரினுடையது, மலர்த்தும் ஒளி கதிரவனுடையது என்பர் ஆகலின்.

சுந்தரர் வரலாறு இதற்கு ஒற்றியூரிலேயே சான்றாகும். சங்கிலியாரைப் பிரியேன் எனத் திருமுன்னர்ச் சூளுரைக்க வேண்டியவழி, அச்சூள் தம்மைப் பிணியாதிருத்தற் பொருட்டு, இறைவரைச் சந்நிதியை விட்டு மகிழமரத்தின்கீழ்ச் சென்றிருக்குமாறு முன்னரே வேண்டிக்கொண்டார் அவர். இறைவரும் இசைந்து, அதனைச் சங்கிலியார்க்கும் கனவிலே அறிவித்துவிட்டனர். அம்மையார் சார்பினர் மகிழின்கீழே சூளுரைக்க வேண்டினர், சுந்தரரும் உரைத்தார். பின்னர் ஆரூர் வேட்கையால் ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவிலே இருகண்ணும் இழந்தார். விருப்பம் அவருடையது, சொல்லைக் காப்பதும் பிழைப்பதும் அவருடையன, கண்ணொளி மட்டும் அவருடையதன்று. கச்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் கொடுக்கப்பட்டபொழுதே அது யாருடையது என்பது விளங்கிற்று. இறைவரது தோழரேயாயினும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த சொல்லைக் கடத்தல் ஆகாது என்பதும் இவ்வரலாற்றிற் பெறப்படும்.

இரண்டாவது வேற்றுமை, மனிதன் மேன்மையுடையன் என்பதினின்று அவனே எல்லாவற்றிற்கும் அளவுகோல் என்னும் முடிவுக்குச் செல்லுதலைப் பற்றியது. இம்முடிவு கிரேக்க நாட்டுப் பழைய அறிஞர் புரோத்தகோரஸ் பெயரால் வழங்குவது; பிக்கோ முதலியோர் இதனை இவ்வளவு துணிந்து கூறிற்றிலர்; ஆயினும் அவர்க்குப் பின்வந்த உலகம் அவர் திறந்த வழியே நடந்து இவ்விடத்தை அடைந்தது. ஆணவத்தின் இயல்பை ஓர்ந்தார்க்கு இதன் குற்றம் எளிதிற் புலனாம். புறவிருள் பொருள்களை மறைத்தாலும், இருளென்று தன்னையேனும் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைக்கின்ற தன்னையும் மறைக்கும் என்பது உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிற் காட்டிய நுட்பம். முழம் குறைந்த கோலைக்கொண்டு அளப்பவன் நிலத்தைக் குறைவென்பானேயன்றிக் கோலைக் குறைவென்னான். ஆகவே தன்னையே அளவுகோலாகக் கொண்டவனுக்குத் தன் குறை தெரியும் வழியே அடைபட்டுப் போகின்றது.

மூன்றாவது வேற்றுமையே உலகியலில் மிகவும் வேண்டப்படுவது. மேன்மை ஈட்டப்படுவதாயின், ஈட்டாதவனுக்கு அஃது இல்லையென்றாகும். கல்வியாலும் சொல்வன்மையாலும் தன்னை ஆக்கிக்கொண்டவனே மனிதனாயின், அவை வாய்க்கப்பெறாதவன் குறைமனிதனாவான். இவ்வாபத்து வெறுங் கற்பனையன்று. 1550, 1551ஆம் ஆண்டுகளில் இசுப்பானிய நாட்டு வல்லதோலித் நகரிற் கூடிய அவையில், அரிஸ்டாட்டிலின் அரசியல் நூலை இலத்தீனில் மொழிபெயர்த்த செப்பூல்வெதா என்னும் மானுடக் கல்விப் புலவரே, அமெரிக்க நாட்டுப் பழங்குடியினர் இயல்பில் அடிமைகளாதற்கு உரியர் என்று வாதிட்டார். அவரை எதிர்த்து அம்மக்களுக்காக நின்றவர் லாஸ் காசாஸ் என்னும் துறவி. கல்வி மனிதனை உயர்த்தும் என்பது உண்மை; கல்வி ஒன்றே மனிதனை அளக்கும் என்பது கொடுமையில் முடிந்தது.

இவ்விடத்துச் சைவர் தம்மையும் உடன்வைத்து நோக்குதல் கடமையாம். நந்தனாரையும் கண்ணப்பரையும் அதிபத்தரையும் திருமுறையில் வைத்துப் பூசித்துக்கொண்டே, அவர் குலத்திற் பிறந்தாரைக் கோயில் வாயிலுக்குப் புறத்தே நிறுத்திய வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பின்னரே அதற்குப் பொதுவிதி பிறந்தது. பிறப்பால் அளந்தவர் கல்வியால் அளந்தவரை நோக்கி நகைத்தற்கு உரிமையுடையரல்லர். மனிதனை மனிதனாக மதிக்க வேண்டும் என்னும் மானுடக் கொள்கையின் இடிப்புரை இவ்வகையிற் சைவருக்கு உதவியேயாம். நூலில் இருந்ததனை வாழ்க்கையிற் காணாதார்க்கு அது நினைவூட்டிற்று. பெரியபுராணத்திற்கு ஆராய்ச்சிக் குறிப்பெழுதிய திரு. வி. கலியாணசுந்தரனார், 1918ஆம் ஆண்டிற் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக்கொண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்திலும் முன்னின்று உழைத்தமை, இவ்விரண்டும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே வாழக்கூடும் என்பதற்குக் கண்கூடான சான்றாம்.

ஈட்டாத மேன்மை ஒன்று உண்டோ என்பார்க்குக் கலிய நாயனார் வரலாறு விடையிறுக்கின்றது. அவர் ஒற்றியூரிற் செக்குத் தொழில் மரபிற் பிறந்தவர்; பெருஞ்செல்வர்; கோயிலின் உள்ளும் புறமும் அளவிறந்த விளக்குகளை இரவும் பகலும் ஏற்றி வந்தவர். அவர் அன்பை உலகறியச் செய்யும் பொருட்டு இறைவர் அச்செல்வத்தை மாற்றினர். செல்வம் போயிற்று; தம் குலத்தவரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கிடைத்த ஊதியத்தால் விளக்கிட்டார். அவர் கொடாராயினர், செக்கிற் கூலியாளாய் நின்று உழைத்தார். கூலிக்கும் ஆள் மிகுந்து வேலை அரிதாயிற்று, வீட்டை விற்றார். இறுதியில் ஒன்றுமின்றி, அகல்களைப் பரப்பித் திரியிட்டு, எண்ணெய்க்கு ஈடாகத் தம் உதிரத்தையே நிறைக்கத் துணிந்து கழுத்தை அரியலுற்றவழி, இறைவர் தோன்றி அவர் கையைப் பிடித்துக்கொண்டனர்.

வீட்டை விற்றதற்கும் கழுத்தை அரிந்ததற்கும் இடையே, தம் மனைவியாரையும் விற்கக் கொண்டுசென்றார், கொள்வார் இல்லை என்று புராணம் கூறுவது இக்காலத்தார் நெஞ்சை உறுத்தும். உறுத்துதல் தகும். ஒருவர் பிறிதொருவரை விற்கும் பொருளாக்குதல் அறமன்று என்பதில் மானுடக் கொள்கையினர் கூறுவதைச் சைவர் தயங்காது ஏற்றல் வேண்டும். விற்கத் துணிந்தமை அவர் பத்தியின் வெம்மையைக் காட்டும் அளவிற்றேயன்றி, பிறர் பின்பற்றுதற்கு விதியாகாது. அவ்விற்பனை நிறைவேறவில்லை என்பதும் கருதத்தக்கது. இறைவர் ஏற்றுக்கொண்டது மனைவியாரின் விலையையன்று, உதிரத்தையும் அன்று, விளக்கு அணையலாகாது என்னும் எண்ணத்தையே.

இவ்வரலாற்றை மானுட மேன்மை என்னும் வினாவோடு இணைத்து நோக்குக. தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளுதலே மேன்மையாயின், கலிய நாயனார் செல்வராயிருந்த நாளில் உயர்ந்தோரும், கூலியாளான நாளில் தாழ்ந்தோரும், கழுத்தரிந்த நாளில் ஒன்றுமில்லாதோரும் ஆதல் வேண்டும். சேக்கிழார் பெருமான் கண்டதோ இதற்கு மறுதலை. ஈட்டியன எல்லாம் கழன்றுபோன அந்நிலையிலேதான் அவர் உயிரின் உண்மை நிறம் விளங்கிற்று. படிகத்தின்மேல் ஒட்டியிருந்த செல்வம், மதிப்பு, தொழில் என்பன நீங்கியும் ஒளி நீங்கவில்லை. அஃது அப்படிகத்தின் ஆக்கமன்று ஆகலின். எனவே, ஏதும் ஈட்ட இயலாத ஏழைக்கும், அறிவு மழுங்கிய முதியோர்க்கும், பேச்சறியாத குழவிக்கும் மேன்மை குறைவதில்லை. பறித்தற்கும் இயலாது, கொடுத்தவர் மனிதரல்லராதலின்.

இனி, அந்நாயனார் விளக்கேற்றிய கரை பின்னாளில் எய்திய நிலையை நோக்குவோம். 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி இராயபுரத்தினின்று ஆர்க்காட்டுப் பக்கம் புறப்பட்டது. 1969ஆம் ஆண்டில் மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை தொடங்கிற்று. எண்ணூரில் அனல்மின் நிலையம் எழுந்தது. 2001ஆம் ஆண்டிற் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. பல்லாயிரவர்க்கு இவற்றால் ஊணும் ஊதியமும் கிடைத்தன. நகரத்து வீடுகளிற் விளக்கெரிந்தது. இவற்றை இகழ்தல் நன்றிகோறலாம். ஆயின் 2017 ஜனவரி 28ஆம் நாள் அத்துறைமுகத்திற்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொள்ள, சிந்திய எண்ணெய் எர்ணாவூர்க் கரையிற் கருங்களியாய்ப் படிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழில்நிலத்தினின்று வந்த எண்ணெய் கொசத்தலையாற்றுக் கழிமுகத்திற் பரவி, எண்ணூர் மீனவரின் படகையும் வலையையும் கறையாக்கிற்று. ஒருவர் எண்ணெய் இன்மையால் உதிரத்தை ஊற்றப் புகுந்த கரையிலே, எண்ணெய் மிகுதியால் மீனும் நண்டும் மாண்டு மிதந்தன.

ஈண்டுச் சிலர், “இஃது அவரவர் வினைப்பயன், நாம் செய்யக் கிடந்தது யாது?” என்று கூறி அமைவர். சித்தாந்தத்தின் பெயரால் நிகழும் பிழைகளுள் இதனினும் பெரியது இல்லை. வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் தன் செயலைத் திருத்தற்கும் கூறப்பட்டதேயன்றி, பிறன் துன்பத்தைக் கண்டு கண்மூடுதற்குக் கூறப்பட்டதன்று. வற்கடம் வந்தபொழுது திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் வினைப்பயன் என்று வாளாவிருந்தனரோ? நாள்தோறும் படிக்காசு பெற்று அடியவரை ஊட்டினர். ஒற்றியூர்ப் பெருமானை இளமையிற் பலகாலும் வழிபட்டுப் பாடிய இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டில் வடலூரில் தருமச்சாலை நிறுவிப் பசித்தோர்க்கு அன்னம் இட்டனர். துன்புறுவோன் வினையைக் கணக்கிடுதல் இறைவன் தொழில். அவனுக்கு உதவாது விடுவோன் தனக்கென ஒரு வினையை அன்றே ஈட்டிக்கொள்கின்றான். எர்ணாவூர்க் கரையில் வாளியும் கையுமாக அவ்வெண்ணெயை அள்ளி அகற்றியவர் எச்சமயத்தாராயினும், எக்கொள்கையினராயினும், அன்று செய்தது திருத்தொண்டே என்பதில் ஐயமில்லை. இரக்கத்தை முதற்கண் வைப்பதில் மானுடக் கொள்கையினர் கூறுவதே சரி. அவ்விரக்கம் மனிதனோடு நின்றுவிடாது, மீனுக்கும் நண்டுக்கும் உயிருண்டு என்று மேலும் செல்வது சைவம்.

மற்றுஞ் சிலர், “உலகம் மாயை; அது கெடின் என்?” என்பர். அதுவும் சித்தாந்தமன்று. மாயை பொய்ப்பொருள் என்று சித்தாந்தம் கூறவில்லை. மெய்ப்பொருளாய் நின்று, தனு, கரண, புவன, போகங்களாக விரிந்து, ஆணவவிருளிற் கிடந்த உயிர்க்குக் கைவிளக்காக உதவுவது அது. கைவிளக்கை உடைப்பவன் இருளையே வேண்டுகின்றான்.

ஒற்றியூர் என்னும் பெயருக்குத் தலபுராணம் கூறுவது, பிரளய வெள்ளம் விலகி ஒற்றி நின்ற ஊர் என்பது. ஒற்றி என்னும் சொற்கு அடைமானம் என்பதும் ஒரு பொருளாதலின், புலவர் பலர் அப்பொருள்பட இறைவரோடு விளையாடிப் பாடியுள்ளனர். இவ்விரண்டாம் பொருளில் ஒரு பேருண்மை அடங்கியிருக்கின்றது. நிலத்தை ஒற்றியாகப் பெற்றவன் அதனை உழலாம், விளைவை உண்ணலாம், வேலியிட்டுக் காக்கலாம். விற்றலாகாது, அழித்தலாகாது, உடையவன் மீட்க வரும் நாளில் குறைவின்றிக் கொடுத்தல் வேண்டும். உடம்பும், கரணமும், கடலும், கழியும் மனிதனுக்கு இவ்வாறு வந்தனவே. உலகியலில் ஒற்றி பெறுவோன் பொருள் கொடுத்துப் பெறுகின்றான். உயிரோ ஒன்றும் கொடாதே பெற்றது. ஆதலின் உவமை ஒருபுடையது. கடப்பாடோ உவமையினும் மிக்கது.

மானுடப் பிறவி இழிந்தது என்றாரை மறுத்து, அஃது உயர்ந்தது என்று நிறுவிய அளவில் இத்தாலியப் புலவர் போற்றத்தக்கவர். அவ்வுயர்வு உடைமையன்று, ஒற்றி என்பதே அவர் கூறாது விட்டதும் சைவம் கூறுவதும் ஆம். உடைமையெனக் கொண்டவன் தன்னினும் குறைந்தோரைத் தாழ்த்துவான். ஒற்றியெனக் கொண்டவன் எல்லாரும் தன்னைப்போலவே ஓர் உடையவரிடம் பெற்றோர் என்று கண்டு நாணுவான். கோயிலில் ஓர் அகலை ஏற்றும் சைவர், அவ்வெண்ணெய் எங்கிருந்து வந்தது, அதனை ஆட்டியவர் உண்டாரோ இல்லையோ, அவ்விளக்கின் ஒளி தம் வீட்டுக்கு அப்பாலும் செல்கின்றதோ என்று எண்ணிப் பார்ப்பாராயின், கலிய நாயனார் தொண்டு அவ்வூரில் இன்னும் ஒழியவில்லை என்று கொள்ளலாம்.

திருச்சிற்றம்பலம்.